மிஸஸ் மல்லிகா, வயது 32

மெடிக்கல் ரெப்பாக வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. டாக்டர்களின் அறைக்கு வெளியே பையும் டையுமாகக் காத்துக் கிடந்து, ஒரு கட்டத்தில் தானும் டாக்டர்தான் என்று நம்ப ஆரம்பித்துவிடுவது. சிலருக்கு இது இருபது வருஷ சர்வீஸுக்குப் பிறகு வரும். எனக்கு இரண்டாம் வருஷத்திலேயே வந்துவிட்டது. அதை நன்றாக முற்றவிட்டது என் மாமியார் வீடு.

மாமனாருக்கு விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு யூனிட் இருந்தது. ஃபியூஸ் கேரியரும் பீங்கான் பொம்மையும் செய்து அனுப்புவார். நான் பண்ருட்டிக்காரன். கல்யாணமான புதிதில் என் ஏரியாவுக்குள் விருத்தாசலமும் வந்ததால், டூர் போகும் நாளெல்லாம் மாமியார் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. சிக்குன்குனியா வந்து பாதி ஊர் நொண்டிக்கொண்டிருந்த சமயம் அது. தெருவில் யார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் என் மாமியார், "எங்க மாப்ள சாப்ட்டு எழுந்திரிக்கட்டும், கேட்டுச் சொல்றேன்" என்பார். நானும் கை கழுவிக்கொண்டே நாலு வார்த்தை சொல்வேன். (பாரசிட்டமால் போடுங்க, நிறைய தண்ணி குடிங்க. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆனால் சொல்கிற தோரணை இருக்கிறதே, அதை நாலைந்து ஸ்பெஷலிஸ்டுகளிடமிருந்து பொறுக்கி எடுத்துத் தைத்திருந்தேன்.) அந்தத் தெருவில் என் பெயர் 'டாக்டர் மாப்ள'. நான் மறுத்ததில்லை.

இப்படி ராஜா மாதிரி இருந்தவன் தலையில் ஒருநாள் இடி விழுந்தது. என் மச்சினி வாசுகிக்கு வரன் வந்திருந்தது. பையன் திட்டக்குடி. பெயர் இளங்கோ. கால்நடை டாக்டர். சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே மாமனார், "நெசமான டாக்டரு மாப்ள" என்றார். அந்த 'நெசமான' என் தொண்டையில் சிக்கியது. அன்று சாயங்காலம் என் மனைவி கோமதியிடம், மாட்டு டாக்டர்தானே, அதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்டேன்.

"மாட்டு டாக்டர்னாலும் டாக்டர்தானேங்க. நீங்க..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்துத்தான் மல்லிகா சாப்பாட்டை நிறுத்தினாள்.

மல்லிகா என் மாமியாரின் பூனை. வெள்ளைவெளேரென்று இருப்பாள். யூனிட் வாசலில், பொம்மை பேக்கிங்குக்குப் போட்டிருந்த வைக்கோலில் குட்டியாகக் கிடந்தவளை மாமனார் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பெற்ற பெண்கள் இருவரையும்விட அவளுக்குத்தான் அந்த வீட்டில் செல்லம். அப்படிப்பட்டவள் மீன் வறுவலை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனால் என் மாமியாருக்கு எப்படி இருக்கும்? வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது, முன்னங்காலால் வாயை வாயைத் தேய்க்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "ஞாயித்துக்கெழம அந்தத் தம்பி வராங்கல்ல மாப்ள, ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பெண் பார்க்க வருகிறவரிடம் பூனையைக் காட்டுவது நாகரிகமா என்று கேட்டேன். இந்த வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன் என்றும் கேட்டேன். அப்படியென்றால் நம்மூர் மாட்டாஸ்பத்திரிக்காவது கொண்டு போகலாமே என்றார் மாமியார். அங்கெல்லாம் வெளியே தெரிகிற காயத்துக்குத்தான் மருந்து போடுவார்கள், இது உள் சமாச்சாரம், முதலில் பிளட் டெஸ்ட் எடுத்தாக வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். 'பிளட் டெஸ்ட்' என்று சொன்னதும் கூடம் அமைதியானது. எனக்கு அந்த அமைதி மிகவும் பிடித்திருந்தது.

ஜங்ஷன் ரோட்டில் லேப் வைத்திருந்த சலீம் பாய் எனக்குப் பழக்கம். மங்கலம்பேட்டைக்காரர், தங்கமான மனிதர். நோயாளிகள் வராத மதிய நேரமாகப் பார்த்து, 'உடையும் பொருள், கவனம்' என்று அச்சடித்த பொம்மைப் பெட்டிக்குள் மல்லிகாவை வைத்து, கோமதியைப் பின்னால் உட்காரவைத்து, பைக்கில் கொண்டுபோய் இறக்கினேன். சலீம் பாய் பெட்டியைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடினார்.

"சார், எனக்கு மனுஷங்க கையிதான் பழக்கம்" என்றார்.

ரத்தம் என்றால் எல்லாம் ரத்தம்தான் பாய் என்று தைரியம் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததை ரத்தம் எடுப்பது என்று சொல்ல முடியாது. மல்லிகாவை மாமனாரின் பழைய வேட்டியில் சுற்றி, நான் தலைப்பக்கமும் கோமதி கால்பக்கமுமாகப் பிடித்துக்கொள்ள, சலீம் பாய் முன்னங்காலில் நரம்பைத் தேடினார். அவள் வாயை அகலத் திறந்து கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார். (அவ்வளவு அகலமாகத் திறந்த வாய். உள்ளே ஒரு பார்வை பார்த்திருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தோம்.) கடைசியில் மல்லிகாவிடமிருந்து கொஞ்சம் ரத்தம் கிடைத்தது. அதைவிட அதிகமாக என் கையிலிருந்து வந்தது.

அடுத்து லேப் கம்ப்யூட்டர் பெயர் கேட்டது. மல்லிகா என்றேன். வயது கேட்டது. கோமதி நாலு என்றாள். நான் குறுக்கிட்டேன். பூனையின் நாலு வயது மனுஷக் கணக்கில் முப்பத்திரண்டு என்று எங்கேயோ படித்திருந்தேன். டெஸ்ட் சரியாக வரவேண்டுமானால் வயதைச் சரியாகப் போட வேண்டும் அல்லவா? முப்பத்திரண்டு என்று போடச் சொன்னேன். அது முப்பத்திரண்டைப் பார்த்ததும், தானாகவே 'மிஸஸ்' என்று முன்னால் சேர்த்துக்கொண்டது.

மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கிப் பிரித்தேன். வரிக்கு வரி நட்சத்திரம். யூரியா ஏறியிருந்தது. கிரியாட்டினின் ஏறியிருந்தது. சர்க்கரை இருநூற்று நாற்பது. ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. பிளேட்லெட் பாதாளத்தில் கிடந்தது.

சலீம் பாய் தயங்கித் தயங்கி, "சார், இதுல போட்டிருக்கற நார்மல் அளவெல்லாம் மனுஷங்களுக்குள்ளது. பூனைக்கு என்னா ஏதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"கிட்னின்னா கிட்னிதான் பாய்" என்றேன் நான். இந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, செய்தியைப் பக்குவமாகச் சொன்னேன். கெட்ட செய்தி சொல்லும் முன் டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றுவார்கள். எனக்குக் கண்ணாடி கிடையாது, அதனால் வாட்ச்சைக் கழற்றினேன். மல்லிகாவுக்கு கிட்னி பாதிப்பு, சுகர், ரத்தசோகை, கூடவே டெங்குவும் இருக்கலாம். எச்சில் ஒழுகுவதும் வாயைத் தேய்ப்பதும்கூட யூரியா ஏறியதால்தான், வாய் கசக்கும் என்று விளக்கினேன். ஒரே உடம்பில் நாலு வியாதி. வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கேஸ் என் கைக்கு வந்ததே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வருத்தத்துக்கு நடுவே ஒரு குதூகலமும் இருந்ததை மறைக்கக் கூடாது.

மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார். நான் பத்தியம் எழுதிக் கொடுத்தேன். மீன் கூடாது, பால் கூடாது, உப்பில்லாத கஞ்சி மட்டும். இதில் வசமாக மாட்டியவர் மாமனார். அவருக்கும் சுகர் உண்டு. அதுவரை வெல்லக்கட்டியைத் திருடித் தின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர். பூனைக்கே சுகர் வந்துவிட்டது என்றதும் மாமியார், வீட்டிலிருந்த வெல்லம், சர்க்கரை, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். மாமனார் மல்லிகாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை மறக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பையனின் அம்மா சகுனம் பார்ப்பவர் என்று தரகர் எச்சரித்திருந்தார். அதனால் மாமனார் கண்டிப்பாக உத்தரவு போட்டார். மல்லிகாவை உள் அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். அவர்கள் இருக்கும் வரையில் 'பூனை' என்ற வார்த்தையையே யாரும் வாயிலெடுக்கக் கூடாது.

மூன்று பேர் வந்தார்கள். இளங்கோ, அவர் அம்மா, திட்டக்குடியில் உரக்கடை வைத்திருக்கும் தாய்மாமன். இளங்கோ அதிகம் பேசாத ஆள். கேட்டதற்குச் சிரித்தபடி பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கரண்ட் போகும் வரையில். புழுக்கம் தாங்காமல் தாய்மாமன் விசிறிக்கொள்ள எதையாவது தேடினார். டீப்பாயில் பேப்பருக்கு அடியில் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஃபைலை உருவி விசிறிக்கொண்டார். நாலு வீசு வீசியிருப்பார். கை மெதுவாக நின்றது. ஃபைலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"மல்லிகாங்கறது யாருங்க?" என்றார்.

மாமியாரின் கண்கள் குபுக்கென்று நிறைந்தன. மாமனார் ஓடாத மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். கோமதி என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பேசாதே என்பது அதன் அர்த்தம். நீ பேசு என்று நான் புரிந்துகொண்டேன்.

"வூட்டோட இருக்கறவங்கதாங்க" என்றேன்.

பையனின் அம்மா கோமதியைக் காட்டி, பெரிய பெண் இவர்தானே, இவருக்கே இருபத்தைந்துதான் இருக்கும்போல, அப்புறம் முப்பத்திரண்டு வயதில் யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ரிப்போர்ட்டில் சுகர், கிட்னி என்று நட்சத்திரம் நட்சத்திரமாக இருப்பதைத் தாய்மாமன் அவருக்கு விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பரம்பரை வியாதி என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. வாசுகியின் வாழ்க்கையை நான்தான் காப்பாற்றியாக வேண்டும்.

"பரம்பரையெல்லாம் இல்லீங்க. மல்லிகா இவங்க பெத்த பொண்ணே கெடையாது. குட்டியா இருக்கும்போது செராமிக் கம்பெனி வாசல்ல கெடந்தா. மாமாதான் யாருக்கும் தெரியாம தூக்கிட்டு வந்தாரு."

தாய்மாமன் என் மாமனாரை மேலும் கீழும் பார்த்தார். பையனின் அம்மா குரலைத் தணித்துக்கொண்டு, "கல்யாணம் ஆயிடுச்சா அந்தப் பொண்ணுக்கு?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். உண்மையைப் பாதியோடு நிறுத்தக் கூடாதே என்று, "ஆனா மூணு பிரசவம் ஆயிருக்குது" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தாய்மாமன் ஃபைலை மூடிவிட்டுக் கேட்டார்.

"புள்ளைங்க?"

"கேட்டவங்களுக்குக் குடுத்துட்டோம்ங்க."

சரியாக அந்த நேரம் பார்த்து, பூட்டிய அறைக்குள்ளிருந்து மல்லிகா நீளமாக ஒரு முனகல் முனகினாள். பட்டினி கிடந்த பூனையின் முனகல் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். யாரையோ வாயைக் கட்டிப் போட்டிருப்பதுபோல இருக்கும். பையனின் அம்மா, பெண்ணுக்குக் கொடுக்க மடியில் எடுத்து வைத்திருந்த பூவையும் பழத்தையும் தட்டில் திருப்பி வைத்தார். தாய்மாமன் காலால் செருப்பு இருக்கும் திசையைத் துழாவினார். கதவுக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்றிருந்த வாசுகியின் வளையல் சத்தம் நின்றுபோனது. நான் விளையாட்டுப்போல ஆரம்பித்த வேலையில் அந்தப் பெண்ணின் கல்யாணம் என் கண் முன்னாலேயே எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. பூனை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லவும் வாயைத் திறந்தேன். மாமனாரின் உத்தரவு நாக்கைப் பிடித்துக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது.

இளங்கோ மட்டும் எழுந்திருக்கவில்லை. தாய்மாமனிடமிருந்து ஃபைலை வாங்கி, முதல் பக்கம் படித்தார், அடுத்த பக்கம் படித்தார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். அவர் நெற்றியில் இருந்த சுருக்கம் மெல்ல விலகியது. உதட்டோரம் ஏதோ துடித்தது. ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மல்லிகா எலி புடிப்பாங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து வாசுகியின் குரல் வந்தது. "புடிக்கும்ங்க. பல்லியும் புடிக்கும்."

அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவைதான்.

மாமியார் ஓடிப்போய் அறையைத் திறந்து மல்லிகாவைத் தூக்கிவந்தார். இளங்கோ புது பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்து, எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, எச்சில் ஒழுகுகிறதா, வாயைத் தேய்க்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார் மாமியார்.

"வாயத் தொறந்து பாத்தீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் தொங்கிய காலண்டர் முருகனைப் பார்த்தேன். அவரும் கைவிட்டுவிட்டார்.

பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார் இளங்கோ. வாசுகி காபித் தட்டை வைத்துவிட்டு வந்து, பட்டுப்புடவையோடு எதிரில் உட்கார்ந்து மல்லிகாவை ஒரு துண்டில் சுற்றி லாகவமாகப் பிடித்துக்கொண்டாள். கோமதி புருவம் திருத்தும் சின்ன இடுக்கியைக் கொண்டுவந்தாள். இளங்கோ பூனையின் வாயைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். மேல்வாயில், இந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் குறுக்கே, பாலம் கட்டினதுபோல ஒரு மீன் எலும்பு. ஒரு நெம்பு நெம்பினார். டக்கென்று வந்துவிட்டது.

மல்லிகா நாக்கை இரண்டு தடவை உள்ளே சுழற்றிப் பார்த்தாள். நேராக அடுக்களைக்குப் போய், அடுத்த சுற்று காபிக்கு வைத்திருந்த பாலைக் குடித்தாள். கிட்னி, சுகர், ரத்தசோகை, டெங்கு நாலும் ஒரு இடுக்கியில் குணமாகிவிட்டன.

பிறகு இளங்கோ ரிப்போர்ட்டை எனக்கு விளக்கினார். கேலியே இல்லாமல் சொன்னார், அதுதான் இன்னும் கொடுமை. பூனைகளுக்கு யூரியாவும் கிரியாட்டினினும் இயல்பிலேயே மனுஷர்களைவிடக் கொஞ்சம் கூடவே இருக்குமாம். ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாக இருக்குமாம். மல்லிகாவுடையது எல்லாம் பூனைக் கணக்குக்குள்ளேயே வருகிறது. பிளேட்லெட்டா? பூனை ரத்தத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக்கொள்ளும். மெஷின் சரியாக எண்ணாமல் குறைத்துச் சொல்லிவிடும். கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். சர்க்கரை ஒன்றுதான் பூனைக் கணக்குக்கும் மேலே போயிருக்கிறது. ஆனால் பூனை மிரண்டுபோனாலே சர்க்கரை மளமளவென்று ஏறிவிடும், அதை மட்டும் வைத்துக்கொண்டு சுகர் என்று சொல்லக் கூடாது, வீட்டில் அமைதியாக இருக்கும்போது மறுபடி பார்க்க வேண்டும் என்றார்.

"ரத்தம் எடுக்கறப்போ ரொம்பப் பயந்துடுச்சா?" என்று கேட்டார்.

கோமதி என் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள்.

அதுவரை இறுக்கமாக உட்கார்ந்திருந்த பையனின் அம்மாவுக்கு அங்கேதான் பிடி விட்டுப்போயிற்று. "கேட்டவங்களுக்குக் குடுத்துட்டோம்ங்க" என்று என்னைப் போலவே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தவருக்குப் புரையேறிவிட்டது. மாமியார் தண்ணீர் கொண்டுவந்து தலையில் தட்டி, தட்டும்போது தானும் சிரித்துவிட்டார். பிறகு மாமனாரும் சேர்ந்துகொண்டார். தாய்மாமன் மட்டும் கடைசிவரை முறைப்பாகவே இருந்தார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பூனை எதிர்ப்பட்டதே என்று முணுமுணுத்தார். அதற்குள் பால் குடித்து முடித்த மல்லிகா வந்து பையனின் அம்மா மடியில் ஏறிச் சுருண்டுவிட்டிருந்தாள்.

"குறுக்கப் போனாத்தானேடா சகுனம். இது ஒக்காந்துல்ல இருக்குது" என்றார் அந்த அம்மா. அதோடு தட்டில் திருப்பி வைத்த பூவை எடுத்து வாசுகியின் தலையில் வைத்துவிட்டார்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. திட்டக்குடி சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைத் தேடித்தேடி வந்து பார்த்தார்கள். மூணு பிரசவக் கதையை என் வாயால் கேட்க வேண்டுமாம். மாப்பிள்ளையைவிட எனக்குத்தான் அன்றைக்குக் கூட்டம். அத்தோடு என் டாக்டர் பட்டமும் போயிற்று. தெருவில் முழங்கால் வலிக்காரர்கள் இளங்கோவிடமே நேராகப் போக ஆரம்பித்தார்கள். அவர் கால்நடை டாக்டர் என்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. போன வருஷம் கம்பெனியில் எல்லோருக்கும் முழு உடம்புப் பரிசோதனை செய்தார்கள். என் ரிப்போர்ட்டில் சர்க்கரைக்கு நேராக ஒரு நட்சத்திரம், கிரியாட்டினினுக்கு நேராக ஒன்று. அன்று எங்கள் வீட்டில் இரண்டு குடும்பமும் கூடியிருந்தது. ஸ்பெஷலிஸ்டுகளை இருபது வருஷமாகப் பக்கத்தில் பார்த்தவன், அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் இளங்கோவிடம்தான் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். எங்கள் கோமதியிலிருந்து அவர் மகள் வரையில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பூனையா இருந்தா எல்லாமே நார்மல்தான், சகல" என்றார். "மனுஷனா இருக்கறதாலதான் யோசிக்கிறேன்."